பழைய சாக்ஸபோன்: செதுக்கு வேலை அழியாமல் லாக்கரை உரிப்பது எப்படி?

#1 | ஊதுகொம்பு

1930-களில் கான் கம்பெனி செய்த ஆல்டோ சாக்ஸபோன். பெல் (வாய் அகன்ற முனை) முழுக்கக் கொடியும் பூவும், நடுவில் ஒரு பெண் முகமும் செதுக்கியிருக்கிறது. பித்தளையின் மேல் காப்புக்காகப் பூசும் லாக்கர் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. மிச்சமிருப்பதன் அடியில் புழு ஊர்ந்தது போலக் கறுப்புத் தடங்கள். கீகளைத் தாங்கும் சிறு தூண்களான போஸ்ட்களின் அடியில் பச்சைக் களிம்பு. மூன்று விஷயம் தெரிய வேண்டும்: லாக்கரை எதனால் உரிப்பது, செதுக்குக் கோட்டுக்குள் அடைந்திருக்கும் கறுப்பை எப்படி எடுப்பது, பிறகு மேலே என்ன பூசுவது.

#2 | சிற்றுளி

உரிக்கலாமா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு, மேலே இருப்பது தொழிற்சாலையில் பூசிய லாக்கரா, பின்னால் யாரோ பஃபிங் (சுழலும் சக்கரத்தில் மினுக்குதல்) செய்து பூசியதா என்று பார்க்க வேண்டும்.

வரிசை எண்ணின் மேல் நகத்தை ஓட்டுங்கள். அசல் என்றால் எண்களின் விளிம்பு நகத்தில் தட்டும். பஃபிங் பட்டதில் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்து, கீறலும் ஈயப்பற்று ஒட்டுவேலையும் லாக்கருக்கு மேலே இருக்கின்றனவா, அடியிலா என்று பாருங்கள். அடியில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், மறுபூச்சுதான். கடைசியாக அந்தப் பெண் முகம். கூந்தலிலும் கண் இமையிலும் இருப்பவைதான் மிக மெல்லிய கோடுகள், தேய்த்தால் முதலில் போவதும் அவைதான். சுற்றுக்கோடு மட்டும் திடமாக இருந்து உள்கோடுகள் மங்கியிருந்தால் ஒரு தடவையாவது பஃபிங் சக்கரம் ஏறியிருக்கிறது.

அசல் பூச்சாக இருந்தால் என் ஓட்டு 'தொடாதீர்கள்' என்பதற்கே. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து, லாக்கர் போன இடத்தில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு தடவினால் போதும். பாதி உதிர்ந்த அசல் பூச்சு அழகாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதன் அடியில் இருக்கும் உலோகம் யாரும் தேய்க்காதது. அந்த நிலையைத் திரும்ப உண்டாக்க முடியாது.

#3 | கரைப்பான்

மறுபூச்சு என்று தெரிந்தால் அடுத்தது என்ன வகை லாக்கர் என்ற சோதனை. கீயைக் காக்கும் கீ-கார்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், அசிட்டோன் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள்.

பிசுபிசுத்துப் பஞ்சில் மஞ்சள் ஏறினால் நைட்ரோசெல்லுலோஸ். மெதுவாக இளகிச் சவ்வு போல வந்தால் பெரும்பாலும் அக்ரிலிக். ஒன்றுமே நடக்காவிட்டால் சூடேற்றி இறுக்கிய எபாக்சி. கருவியின் வயதை வைத்து ஊகிக்காதீர்கள். 1930-களின் கருவி மேல் பிற்கால எபாக்சி இருக்கலாம், அதன் அடியில் பழைய நைட்ரோவும் இருக்கலாம். அதனால் பெல், பாடி, கீ மூன்றிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். கீகளுக்கு மட்டும் வேறு பூச்சு இருப்பது சாதாரணம்.

#4 | வால்வெண்ணெய்

இவ்வளவு சிக்கல் எதற்கு? பெரிய தொட்டி, கொதிநீர், சலவை சோடா. அரை மணி நேரத்தில் பழைய லாக்கர் தோலாகக் கழன்று வரும். மீதிக்கு மென்மையான காட்டன் சக்கரத்தில் குறைந்த வேகத்தில் ஒரு சுற்று. வேலை முடிந்தது.

#5 | கரைப்பான்

சோடா முறை நல்ல முறைதான், நைட்ரோவுக்குப் பெரும்பாலும் வேலை செய்யும். லிட்டருக்கு 50 கிராம் சலவை சோடா, 75–80 டிகிரி, 15–20 நிமிடம். கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இரண்டு தொல்லை உண்டு. பெல்லும் பாடியும் சேரும் வளையங்கள், வளைவுக் குழாயின் மூட்டுகள் எல்லாம் இரட்டைச் சுவர் உள்ளவை. அவற்றுக்குள் புகுந்த கரைசல் வாரக்கணக்கில் கசிந்து பச்சை விளிம்பு கட்டும். இன்னொன்று, சாக்ஸில் டஜன் கணக்கில் நீலம் பாய்ச்சிய எஃகு ஊசி ஸ்பிரிங்குகள் போஸ்டிலேயே அடித்து இறுக்கியிருக்கும். சோடா நீரில் இருக்கும்போது அவை துருப்பிடிக்காது, காரம் காப்பாற்றும். அலசி வெளியே எடுத்த பத்தாவது நிமிடத்தில் துரு ஆரம்பிக்கும். ட்ரம்பெட், டிராம்போன் என்றால் இந்த ஸ்பிரிங் தொல்லை இல்லை, அவற்றுக்குச் சோடா முறையையே சொல்வேன்.

சலவை சோடாவுக்குப் பதில் காஸ்டிக் சோடா போடாதீர்கள். சூடான காஸ்டிக் ஈயப்பற்றில் உள்ள வெள்ளீயத்தைக் கரைக்கும், பித்தளையின் துத்தநாகத்தையும் விடாது. ஹீட் கன்னும் வேண்டாம். 63/37 (வெள்ளீயம்/ஈயம்) ஈயப்பற்று 183 டிகிரியில் உருகிவிடும். ஹீட் கன் அதைத் தாண்டுவதற்குச் சில நொடி போதும், கார்டு ஒன்று கையோடு வந்துவிடும்.

சக்கரத்தைப் பற்றிச் சிற்றுளி பேசட்டும்.

#6 | ஊதுகொம்பு

சோதித்தாயிற்று. மூன்று இடத்திலும் அரை நிமிடத்தில் பஞ்சு மஞ்சள். வரிசை எண் வழுக்குகிறது, வளைவில் ஒரு பழைய ஈயப்பற்று லாக்கருக்கு அடியில் இருக்கிறது. ஆக, நைட்ரோ மறுபூச்சு. கூந்தல் கோடுகள் மெலிந்திருக்கின்றன, ஆனால் இருக்கின்றன. அசிட்டோன் வழியில் போகிறேன்.

#7 | கரைப்பான்

நல்லது. வரிசை இது.

கீ எல்லாம் கழற்றி, ராடுகளை (கீ சுழலும் அச்சுக் கம்பிகளை) அவற்றின் கீயோடு சேர்த்து எண்ணிட்டு வையுங்கள். பேட் (துளையை மூடும் மெத்தை), கார்க், ஃபெல்ட் எடுத்துவிடுங்கள். முத்துச்சிப்பிப் பொத்தானை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. ஆனால் சில கருவிகளில் பொத்தானோ விரல் தாங்கியோ செல்லுலாய்டு. அது அசிட்டோனில் கரைந்தே போகும். தெரியாவிட்டால் கழற்றுங்கள், கழற்ற முடியாவிட்டால் அந்தக் கீயைக் கையாலேயே துடையுங்கள்.

பழைய வெள்ளைக் காட்டன் துணியைப் பட்டையாகக் கிழித்து அசிட்டோனில் நனைத்து பெல்லைச் சுற்றுங்கள். அதன் மேல் பாலித்தீன் தாள். பிவிசி தாள் வேண்டாம், அசிட்டோனில் இளகும். 10–15 நிமிடம் விட்டு, துணியை இழுக்கும்போதே லாக்கரையும் கூட்டிக்கொண்டு வரும்படி உருட்டி எடுங்கள். உடனே புதுத் துணி, புது அசிட்டோன். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: அழுக்கு அசிட்டோனாலேயே துடைத்துக்கொண்டிருந்தால் கரைந்த லாக்கர் செதுக்குக் கோட்டுக்குள் போய்த் திரும்ப உறையும். இரண்டு முறை சுத்தமான அசிட்டோனில் அலசல், கோடுகளில் மட்டும் மிருதுவான பன்றிமயிர்த் தூரிகை. ஓர் ஆல்டோவுக்கு இரண்டு லிட்டர் போதும்.

மெல்லிய நைட்ரைல் கையுறை அசிட்டோனுக்குச் சில நிமிடம்கூடத் தாங்காது, பியூட்டைல் ரப்பர் வேண்டும். அசிட்டோனின் தீப்பற்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் மின்விசிறி, ஹீட்டர், ஸ்விட்ச் எதுவும் கூடாது. நைட்ரோ ஊறிய துணி குப்பென்று எரியக்கூடியது. விரித்துக் காயவிட்டு, மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

#8 | மூன்றாம்வால்வு

இடையில் ஒரு கேள்வி. அசிட்டோனுக்கு மசியாத எபாக்சி என்றால்? பெயின்ட் உரிக்கும் ஜெல் போடலாமா?

#9 | கரைப்பான்

பழைய ஜெல்களில் இருப்பது டைகுளோரோமீத்தேன். எபாக்சியை நிமிடங்களில் சுருக்கிவிடும், மறுக்கவில்லை. ஆனால் அதன் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தேங்கும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் குளியல் தொட்டியின் பூச்சை உரித்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் உரிப்பான்களில் 2019-இல் தடை செய்தார்கள். சாதாரணக் கார்பன் முகமூடி இதற்குப் போதாது.

மாற்று பென்சைல் ஆல்கஹால் ஜெல். 2–3 மி.மீ. கனத்தில் பூசி, பாலித்தீனால் மூடி, ஓர் இரவு விடுங்கள். மரக்குச்சியால் தள்ளினால் வந்துவிடும். லேபிளைப் படித்து வாங்குங்கள்: சிலவற்றில் ஃபார்மிக் அமிலம், சிலவற்றில் அம்மோனியா கலந்திருப்பார்கள். அமிலம் கலந்தது ஈயப்பற்றைக் கறுக்கடிக்கும். அம்மோனியா கலந்ததைப் பித்தளைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

#10 | வால்வெண்ணெய்

அம்மோனியாவுக்கு ஏன் இத்தனை பயம்? கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் பலவற்றில் அதுதானே இருக்கிறது?

#11 | பழம்பித்தளை

குத்துவிளக்கில் தேய்த்துக் கழுவினால் ஒன்றும் ஆகாது, அது வார்ப்பு. பெல் அப்படியில்லை. தகட்டை அடித்தும் சுழற்றி அமுக்கியும் வளைத்தது, உள்ளே இறுக்கம் அப்படியே தங்கியிருக்கிறது. அந்த இறுக்கமும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் பித்தளையின் படிகத் துகள்களின் எல்லையோடு பிளவு ஓடும். பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா உறைகள் இந்தியாவில் மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டதற்கு இதுதான் காரணம். குதிரை லாயத்து அம்மோனியா. 1921-இல் விளக்கம் வெளிவந்தது. தோட்டா உறை செய்வதும் பல கருவிகள் செய்வதும் அதே 70/30 (செம்பு/துத்தநாகம்) பித்தளையில்தான்.

ஒரு தடவை தேய்த்தால் பெல் பிளந்துவிடும் என்று சொல்லவில்லை. செதுக்குக் கோட்டுக்குள்ளும் மூட்டுக்குள்ளும் பாலிஷ் மிச்சம் தங்கிவிடும், கழுவினாலும் முழுசாகப் போகாது. அங்கேதான் ஆபத்து. மெல்லிய தகட்டில் உளி கீறிய கோடு ஏற்கெனவே பலவீனமான இடம்.

#12 | ஊதுகொம்பு

லாக்கர் முழுக்கப் போய்விட்டது. இப்போது பித்தளை மூன்று நிறம்: மஞ்சள், பழுப்பு, புழுத்தடக் கறுப்பு. போஸ்டின் அடியில் பச்சை. சிட்ரிக் அமிலத் தொட்டியில் முக்கிவிடவா?

#13 | பழம்பித்தளை

முக்காதீர்கள். ஸ்பிரிங் உள்ளே இருக்கிறதே. அமிலம் ஸ்பிரிங்கின் நீலத்தை எடுத்துக் குழி விழவைக்கும். அது மட்டுமில்லை, பித்தளையிலிருந்து அமிலத்தில் கரைந்த செம்பு, எஃகு கிடைத்ததும் படியத் தொடங்கும், கருவியெங்கும் இளஞ்சிவப்பு மூடும். முத்துச்சிப்பியும் சுண்ணாம்புச் சத்துதான், அமிலத்தில் பொத்தானின் பளபளப்பு போய்விடும்.

களிம்பு இருக்கும் இடத்துக்கு மட்டும் கூழாகப் போடுங்கள். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம், அதில் 30–40 கிராம் மெத்தில் செல்லுலோஸ் கலந்து ஓர் இரவு ஊறவிட்டால் வழியாத கூழாகும். போஸ்டின் அடியில் பஞ்சுக்குச்சியால் வைத்து ஐந்து ஐந்து நிமிடமாகப் பாருங்கள். பச்சை போனதும் நிறுத்தி, ஈரத் துணியால் வழித்து, லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த நீரால் தொட்டு, பின் காய்ச்சி வடித்த நீரால் துடையுங்கள். உடனே ஸ்பிரிங்கில் ஒரு துளி எண்ணெய்.

அப்படியும் சில இடம் இளஞ்சிவப்பாகும். அதில் இரண்டு வகை. பித்தளை மேல் படிந்திருந்த செம்பு ஆக்சைடு அமிலத்தில் செம்பாக மாறி நிற்பது ஒன்று. அது வெறும் படலம், சுண்ணத்தூளால் நாலு தேய்ப்பில் போய்விடும். துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் எஞ்சியிருப்பது இன்னொன்று. அது தேய்த்தாலும் போகாது, லென்ஸில் பார்த்தால் சொரசொரப்பாக, சில நேரம் நடுவில் புள்ளிக்குழியோடு தெரியும். அதைத் தேய்த்து மஞ்சளாக்கப் பார்த்தால் தகட்டில் ஓட்டைதான் மிஞ்சும். அப்படியே விட்டுவிடுங்கள்.

சிட்ரிக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் இளஞ்சிவப்பு நொடியில் போகும் என்று யாராவது சொல்லக்கூடும். உண்மை. அடியில் இருக்கும் நல்ல பித்தளையையும் சேர்த்து அரித்துத்தான் போக்கும். கீகளுக்கு வேண்டுமானால் பார்க்கலாம், செதுக்கிய பெல்லுக்கு வேண்டாம்.

#14 | சிற்றுளி

இனி வால்வெண்ணெய் சொன்ன சக்கரம். பழைய கருவிகளில் செதுக்கு வேலை அழிந்தது பெரும்பாலும் உரிக்கும்போது அல்ல, உரித்த பிறகு மினுக்கும்போது.

சாக்ஸ் பெல்லில் பார்க்கும் செதுக்கலில் பெரும்பகுதி, தட்டை வாய் உளியை இடவலமாக ஆட்டி ஆட்டி முன்னே நகர்த்தி வெட்டியது. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு கோடும் நெருக்கமான ஒரு வளைவுத் தையல். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சாய்ந்த முகம் உண்டு. ஒளி பட்டால் பூ மின்னுவது அந்த முகங்களால். ஆழம் மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மென்மையான காட்டன் சக்கரம் பாதுகாப்பானது என்று நினைப்பது இங்கேதான் தவறாகப் போகிறது: மென்மையானது என்பதாலேயே அது கோட்டுக்குள் இறங்கி அதன் இரண்டு விளிம்புகளையும் உருட்டிவிடும். கோடு இருக்கும், மின்னல் போய்விடும். பிறகு எத்தனை பாலிஷ் போட்டாலும் எண்ணெய்த் தாளில் பார்க்கிற படம் மாதிரி மங்கலாகத்தான் தெரியும்.

அதனால் கடினமான முதுகு, மெல்லிய தோல். இரண்டு விரல் அகலக் கார்க் துண்டு அல்லது மரத்துண்டை பெல்லின் வளைவுக்கு ஏற்றபடி செதுக்கி, ஒரே ஒரு சுற்று மெல்லிய காட்டன் துணியோ ஆட்டுத் தோலோ போர்த்துங்கள். அது கோடுகளின் மேலாக மிதந்துபோகும், உள்ளே இறங்காது. தேய்பொருள் வீழ்படிவுச் சுண்ணத்தூள்: காய்ச்சி வடித்த நீரும் சில துளி எத்தனாலும் சேர்த்துத் தயிர்ப் பதம். கோடுகளுக்குக் குறுக்காகச் சாய்வில், சின்னச் சின்ன இழுப்பு. கறுப்பு இருக்கும் இடத்தில் மட்டும். டிரிபோலி என்ற கரடான பாலிஷ் வேண்டாம். இரும்புக் கம்பளி அறவே வேண்டாம், எவ்வளவு நுண்ணியதானாலும் கீறும், உதிர்ந்த இழை பின்னால் துருப்புள்ளி வைக்கும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதே விளக்கில் ஒப்பிடுங்கள். கூந்தல் கோட்டில் சிறு மாற்றம் தெரிந்தாலும் அந்த இடத்தில் வேலை முடிந்தது, கறை மிச்சமிருந்தாலும் சரி.

புழுத்தடத்தில் கறுப்பு போனாலும் மெல்லிய பள்ளம் தெரியும். அது அரிப்பு, கறை இல்லை. அதைச் சமன் செய்யக் கிளம்பினால் சுற்றியுள்ள உலோகத்தையெல்லாம் அந்த மட்டத்துக்கு இறக்க வேண்டியிருக்கும். பெல் தகடே ஏறத்தாழ அரை மி.மீ.தான்.

செதுக்கல் இல்லாத பாடியில் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை, துணிப்பட்டையைச் சுற்றி இழுத்துத் தேய்க்கலாம், ரூஜ் (நுண்ணிய சிவப்பு பாலிஷ்) போடலாம். கான் கருவியில் டோன் ஹோல் (பேட் மூடும் துளை) விளிம்பு உருட்டியதாக இருந்தால் அதன் மேல் பட்டையை அழுத்தி ஓட்டாதீர்கள். சொரசொரப்பாக வெட்டிய ஜி-ஷார்ப் கீ இருக்கும், அதையும் மழமழப்பாக்காதீர்கள். விரல் வழுக்காமலிருக்க அப்படிச் செய்தது.

#15 | ஊதுகொம்பு

கோட்டுக்குள் இருக்கும் கறுப்பு?

#16 | சிற்றுளி

விட்டுவிடுங்கள். படம் கண்ணுக்குத் தெரிவதே அந்தக் கறுப்பால்தான். எடுக்க வேண்டியது காய்ந்த பாலிஷ் வெள்ளையையும் உறைந்த லாக்கரையும் மட்டும். அதற்கு வொயிட் ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகை, பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், கூர்மழுங்கிய மூங்கில் குச்சி.

எங்காவது கோடு வெளுத்துப்போயிருந்தால் கறுப்பு நிறம் கலந்த மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைத் தடவி, மேலே இருப்பதைக் கடினத் துண்டால் வழித்தெடுங்கள். கோட்டுக்குள் தங்கும், பிடிக்காவிட்டால் வொயிட் ஸ்பிரிட்டில் போய்விடும். இரசாயனக் கறுப்பேற்றிகள் அப்படித் திரும்பி வராது.

#17 | மூன்றாம்வால்வு

மங்கிய கோடுகளை உளியால் மறுபடி வெட்டலாம் அல்லவா?

#18 | சிற்றுளி

கைத்திறன் உள்ளவர் வெட்டலாம். ஆனால் மறுவெட்டு விழுந்த இடத்தில் பழைய உளியின் பல் ஒன்றும் மிஞ்சாது. பழைய வெட்டின் அகலமும் ஆட்டத்தின் வேகமும் ஒத்துவராவிட்டால் இரண்டு கை பட்டது அப்பட்டமாகத் தெரியும். முகம் என்றால் வேண்டவே வேண்டாம், இமையில் ஒரு கோடு தவறினால் ஆளே மாறிவிடும்.

#19 | வால்வெண்ணெய்

சரி, சக்கரத்தை வாபஸ் வாங்குகிறேன், செதுக்கிய இடத்துக்கு மட்டும். டென்ட் (நசுங்கிய பள்ளம்) இருந்தால் எப்போது எடுப்பது?

#20 | பழம்பித்தளை

உரித்த பின், மினுக்கும் முன். செதுக்கலின் மேல் சுத்தியல் படக்கூடாது. உள்ளிருந்து மழமழப்பான எஃகு மேன்ட்ரலால் (உருட்டுத் தடியால்) மெதுவாகத் தள்ளி எழுப்புங்கள், வெளியே தோலோ கடின ரப்பரோ தாங்கலாக இருக்கட்டும். எஃகுக்கும் எஃகுக்கும் நடுவில் மாட்டினால் கோடு நசுங்கி மூடிக்கொள்ளும். கடைசிக் கால் மி.மீ. பள்ளத்தை விட்டுவிடுவது உத்தமம்.

#21 | ஊதுகொம்பு

மேல்பூச்சு பற்றி? பூசாமல் விட்டால் ஒலி திறக்கும் என்கிறார்களே.

#22 | கரைப்பான்

லாக்கரின் கனம் மைக்ரான் கணக்கு. உரித்த பிறகு ஒலி மாறியதாகத் தோன்றினால் பேட் எல்லாம் புதிதாக உட்கார்ந்ததும் காற்றுக் கசிவு நின்றதும்தான் காரணம் என்பேன். அதை வைத்துப் பூச்சை முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் கருவிக்கு மெழுகு போதும். அசிட்டோனால் எண்ணெய்ப் பசை போக்கி, வெறுங்கை படாமல், எத்தனாலில் 3 சதவீதம் பென்சோட்ரையசோல் கரைத்து ஒரு கை தடவி உலரவிடுங்கள். செம்பின் மேல் ஒரு காப்புப் படலம் கட்டும். கையுறை அவசியம், தூளை மூச்சில் இழுக்காதீர்கள். மேலே மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லியதாக, கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். கட்டைவிரல் படும் இடம், பெல்லைப் பிடிக்கும் இடம் இரண்டிலும் சீக்கிரம் தேயும், அங்கே மட்டும் அவ்வப்போது மறுபடி.

நீண்ட நாள் காப்பு வேண்டுமென்றால் இன்க்ராலாக். அக்ரிலிக்கில் பென்சோட்ரையசோல் கலந்தது, செம்புக் கலவைகளுக்கென்றே 1960-களில் உருவாக்கியது. நைட்ரோ தெளிப்பும் செய்யலாம். எதுவானாலும் மூன்று மெல்லிய சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் நான்கு திசையிலிருந்தும் தெளிக்க வேண்டும். ஒரே பக்கமிருந்து அடித்தால் கோட்டின் நிழல்பக்கம் வெறுமையாக நிற்கும், கறுப்பு அங்கிருந்துதான் மறுபடி தொடங்கும். ஒரே சுற்றில் கனமாக அடித்தால் கோடு நிரம்பிப் படம் மழுங்கும். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் தெளித்தால் வெண்புகை படியும். எபாக்சி மட்டும் வேண்டாம், அடுத்து உரிப்பவர் #9-இல் போய் நிற்பார்.

#23 | பழம்பித்தளை

பூசுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். மூட்டு வளையங்களைச் சுற்றி வெள்ளைப் பருத்தித் துணி கட்டி வையுங்கள். துணியில் பச்சை ஏறினால் உள்ளே ஈரம் இருக்கிறது: காய்ச்சி வடித்த நீரால் மூட்டை அலசி, எத்தனால் ஓடவிட்டு, 50 டிகிரிக் காற்றில் உலர்த்தி, மறுபடி துணி கட்டிப் பாருங்கள். துணி இரண்டு நாள் வெள்ளையாகவே இருந்தால் பென்சோட்ரையசோலை எடுக்கலாம்.